மீனாம்பிகை வீட்டுத் தொட்டியிலிருந்து லோஞ்ச் வரைக்கும்

கப்பலில் எஞ்சின் அறையில் வேலை செய்த யாகப்பு எழுபத்தெட்டாம் ஆண்டு, ஊர்காவற்றுறைக்குப் பக்கத்திலுள்ள தன் ஊரான கரம்பொன்னுக்குத் திரும்பி வந்தபோது, மனைவி கத்தரீனாவுக்கு இரண்டு சேலையும் தனக்கு ஒரு பெரிய மரப்பெட்டியும் கொண்டுவந்தான். பெட்டிக்குள் பெற்றோலில் ஓடும் மெசின் ஒன்று இருந்தது. ஒரு பக்கத்தால் தண்ணீரை உறிஞ்சி, மறுபக்கத்தால் விசையை அழுத்தும் துவக்கு மாதிரியான ஒரு பிடியின் வழியே ஊசியாகப் பீச்சியடிக்கும். வெளிநாட்டுத் துறைமுகங்களில் கப்பல்களை இப்படித்தான் கழுவுவார்கள் என்றான்.

முதல்நாளே கிணற்றடியில் வைத்து ஓட்டிக் காட்டினான். கிணற்றுக்கட்டில் வருடக்கணக்காகப் படிந்திருந்த பாசி பறந்தது. கோழிகள் வேலி பாய்ந்து ஓடின. உற்சாகத்தில் அவன் குசினிச் சுவர்ப் பக்கம் திரும்ப, சுண்ணாம்போடு சேர்ந்து மண்ணும் கரைந்து வழிந்தது.

"இது கழுவுற மெசினோ, இடிக்கிற மெசினோ?" என்று கத்தரீனா அகப்பையோடு வெளியே வந்தாள்.

குசினிச் சுவர் கரைந்த கதை ஊரெல்லாம் பரவியதில் ஒரு நன்மை விளைந்தது. நயினாதீவுக்கு ஆட்களை ஏற்றி லோஞ்ச் என்ற மோட்டர்ப் படகு ஓட்டும் புங்குடுதீவு அரியநாயகம் அதைக் கேட்டு யாகப்புவைத் தேடி வந்தார். அவருடைய லோஞ்ச் ஊர்காவற்றுறைக் கரையில் இழுத்துப் போட்டிருந்தது. அடிப்பலகை முழுக்கப் பாசியும் ஒட்டுச் சிப்பியும். சுரண்ட ஆள் கிடைக்கவில்லை.

"நயினாதீவு அம்மன் கோயில் திருவிழாக் கொடியேற முதல் லோஞ்ச் கடலில நிக்கவேணும். உம்மட மெசினால ஏலுமோ?"

"ஓம் ஐயா, ஏலும்" என்றான் யாகப்பு, யோசியாமலே.

யோசிக்க வேண்டியிருந்தது தண்ணீரைப் பற்றி. கடல் பக்கத்திலேயே இருந்தாலும் உப்புத் தண்ணீர் மெசினைத் தின்றுவிடும். கழுவிய பலகையில் பெயின்ற்றும் பிடிக்காது. நல்ல தண்ணீர் இருந்தது கரையோர றோட்டுக்கு அந்தப் பக்கம், மீனாம்பிகை என்ற பெண்ணின் வீட்டு மிளகாய்த் தோட்டத்தில். அவள் தன் தொட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளச் சம்மதித்தாள். தொட்டிக்கும் மெசினுக்கும் இடையே ஒரு நீள ஹோஸ் குழாய் மட்டும்தான் வேண்டும். பீச்சியடிக்கிற பக்கத்து ஹோஸ் மெசினோடு வந்திருந்தது. தண்ணீர் கொண்டுவருகிற ஹோஸ் வரவில்லை.

யாகப்பு சந்தையில் பச்சை நிறத்தில் கண்ணாடி மாதிரியான பிளாஸ்ரிக் ஹோஸ் ஒன்றைக் கண்டு வாங்கி வந்தான். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. காலையில் அதை விரித்துப் பொருத்தினான். வெயில் ஏற ஏற ஹோஸ் களி மாதிரி இளகியது. மெசின் உறிஞ்சிய வேகத்தில் பக்கங்கள் இரண்டும் ஒட்டிக்கொண்டன. தண்ணீர் இல்லாமல் மெசின் கத்தி, நடுங்கி, இருமியது. பீச்ச வேண்டிய இடத்தில் சொட்டியது. மடிந்த இடத்தை நிமிர்த்த யாகப்பு ஓட, அந்த நேரம் பார்த்துப் பனையோலை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று றோட்டில் வந்து ஹோஸ் மேல் ஏறியது. அது வாழைப்பழத்தோல் மாதிரிப் பிளந்தது. பிளந்த இடத்தால் சீறிய தண்ணீர் நேரே போய், பார்த்துக்கொண்டு நின்ற அரியநாயகத்தின் வெள்ளை வேட்டியை நனைத்தது.

அவர் வேட்டியைப் பிழிந்தபடி, "லோஞ்சைக் கழுவச் சொன்னனான் யாகப்பு, என்னையில்லை" என்றார். நாளைக்கும் சரிவராவிட்டால் சுரண்டுகிற ஆட்களை மன்னாரிலிருந்தாவது கூப்பிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் யாகப்பு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். கத்தரீனா சட்டியை மூடிவிட்டு வந்து முன்னால் இருந்தாள்.

"மெசின் பிழையில்லை. தண்ணி வாற வழிதான் பிழை. வெளிக்கிடுங்கோ, ரெண்டு மணி பஸ்ஸில ரெண்டுபேரும் யாழ்ப்பாணம் போவம்."

"நீ என்னத்துக்கு?"

"நீங்கள் நிறத்தைப் பார்த்து வாங்குவீங்கள்."

யாழ்ப்பாணத்தில் சரவணமுத்துவின் இரும்புக்கடையில் ஹோஸ்கள் சுருள் சுருளாகத் தொங்கின. சரவணமுத்து நல்ல பருத்த மனிதர். கதிரையை விட்டு எழும்புவதென்றால் அவருக்கு அலுப்பு. கத்தரீனா ஒவ்வொன்றாக இறக்கச் சொல்லி, கையால் வளைத்துப் பார்த்தாள். ஒன்று உடனே மடிந்து நின்றது.

"இது இப்பவே கழுத்து முறிஞ்சு நிக்குது. வேற காட்டுங்கோ."

யாகப்பு ஒரு நுனியைப் பெருவிரலால் பொத்திக்கொண்டு மறுநுனியில் வாயை வைத்து உறிஞ்சினான். ஒட்டிக்கொண்டதை ஒதுக்கினான். ஒட்டாதவற்றைக் கத்தரீனா வெயில் விழுகிற படியில் போட்டுவிட்டு, சோடா குடித்துவிட்டு வந்து தொட்டுப் பார்த்தாள். மிஞ்சியது கறுத்த ரப்பர் ஹோஸ் இரண்டு. வெட்டு வாயில் பார்த்தால் ரப்பருக்கு நடுவே நூல் பின்னியிருந்தது தெரிந்தது. ஒன்று ஒடுக்கம், மற்றது அகலம்.

"ஒடுக்கம் போதும். பாரம் குறைவு, இழுக்கச் சுகம்" என்றாள்.

"இல்லையடி. மெசின் குடிக்கிற வேகத்துக்கு ஒடுக்கத்தால போதிய தண்ணி வராது. பிறகும் இருமும்."

"அப்ப ஆர் இழுக்கிறது?"

"நான்தான்."

"சரி, அகலம். ஆனா ஒரே துண்டாய் வேணும். பொருத்து இருக்கிற இடத்திலதான் ஒழுகும்." பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "அண்ணை, ஒருக்கா இதில ஏறி நில்லுங்கோ."

"நானோ?"

"எங்கட றோட்டில வண்டி போகும். அந்தப் பாரத்துக்கு இஞ்ச நீங்கள்தான் இருக்கிறியள்."

கடையே சிரித்தது. சரவணமுத்துவும் சிரித்தார். கதிரையை விட்டு எழும்பி, சாரத்தைத் தூக்கிப் பிடித்து ஹோஸ் மேல் ஏறி நின்றார். இறங்கியதும் அது புடைத்துப் பழையபடி வட்டமாக வந்தது. தானே அதைப் பார்த்து மகிழ்ந்துபோய், நுனிகளை மெசினோடு பொருத்த நல்ல பித்தளைப் பூட்டும் இறுக்குகிற வளையமும் தேடி எடுத்துத் தந்தார்.

கடைசி பஸ்ஸின் கூரையில், கோழிக்கூடுகளுக்கு நடுவே, ஹோஸ் ஊர்காவற்றுறை போய்ச் சேர்ந்தது.

காலையில் யாகப்பு அதை இழுத்து விரித்தான். சட்டை முதுகோடு ஒட்டியது. கத்தரீனா சும்மா இருக்கவில்லை. வேலியின் கூரான கல்லில் உரஞ்சும் இடத்தில் சாக்கைச் சுற்றினாள். றோட்டில் ஹோஸின் இரு பக்கமும் பனைமரத்தில் அறுத்த தடித்த சலாகைகளை வைத்தாள், வண்டிச் சில்லு அவற்றின் மேல் ஏறி இறங்கட்டும் என்று. நேற்றைய ஓலைவண்டி மறுபடியும் வந்தது. வண்டிக்காரர் தயங்கி மாட்டை நிறுத்தினார்.

"போங்கோ அண்ணை, போங்கோ!" என்று அவள் கையைக் காட்டினாள்.

வண்டி தடதடவென்று கடந்துபோனது. மெசினின் சத்தத்தில் ஒரு சிறு மாற்றமும் இல்லை. யாகப்பு துவக்குப் பிடியைத் திருப்பி அடித்த இடத்தில் பாசி சுருண்டு விழுந்தது. சிப்பிகள் பொரி மாதிரித் தெறித்தன. தெற்கிலிருந்து வீசிய சோளகக்காற்று தூவானத்தை எல்லார் முகத்திலும் அடித்தது. மத்தியானத்துக்கு முன்னமே பலகையின் வரிகள் தெரிந்தன. அரியநாயகம் இந்தமுறை தூரத்தில்தான் நின்றார். பழைய பெயின்ற்றும் உரிந்து வரத் தொடங்க, "போதும், போதும்! லோஞ்சை மிச்சம் வையும்!" என்று கத்தினார்.

கத்தரீனா கணவனிடம் கையை நீட்டினாள். "இஞ்ச தாங்கோ, நானும் ஒருக்கா அடிச்சுப் பாக்க."

"உதைக்குமடி."

"உங்களையே சமாளிக்கிறன்."

உதைத்தது. இரண்டடி பின்னால் போய் மணலில் இருந்துவிட்டாள். மீனாம்பிகை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தாள். கத்தரீனா எழும்பி, சேலையை இழுத்துச் செருகி, காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, லோஞ்சைத் தள்ளும் பின்விசிறியை அதன் பித்தளை மின்னும் வரைக்கும் கழுவிவிட்டுத்தான் விட்டாள்.

"கத்தரீனா, அந்தக் கறுத்த ஹோஸை உடன சுத்திப்போடாதையும். பின்னேரம் என்ர மிளகாய்க் கண்டுக்குத் தண்ணி விடவேணும்" என்று மீனாம்பிகை கூப்பிட்டுச் சொன்னாள்.

"அது உங்கட தண்ணிதானே அக்கா. நானே வந்து பிடிச்சு விடுறன்."

"ஹோஸில மெசினைப் பூட்டாமல் வாரும்! கண்டு வேரோட பறந்துபோகும்."

யாகப்பு மெசினை நிறுத்தினான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்ற மனைவியை அவன் சிரிப்போடு பார்த்தான். அவளோ கரையில் வரிசையாகக் கிடந்த மற்ற வள்ளங்களைப் பார்த்து, அடுத்ததாக யாரிடம் போய்க் கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.