ஏரம்பர் வீட்டு மதிலில் ஒரு கிணற்றடி

சாவகச்சேரியில் ஏரம்பர் வீட்டு ஒழுங்கையெங்கும் கொஞ்சக் காலமாகச் சாண் உயரச் சீமெந்துச் சிலைகள் முளைத்துக்கொண்டிருந்தன. மதகின் மேல், பொருளாதாரத் தடைக் காலத்து ஜாம்போத்தல் விளக்கைச் சுற்றிப் படிக்கும் பிள்ளைகள். மின்கம்பத்தடியில் மண்மூட்டைக் காவலரண், அதன் முன்னே இறங்கிச் சைக்கிளை உருட்டும் மனிதர்கள். குருநகர் ஸ்ரெல்லா என்பவள் வீட்டுக்காரரைக் கேளாமலே ஒட்டிவிட்டுப் போகிறாள் என்று ஊர் பேசியது.

ஏரம்பருக்கு அது பிடிக்கவில்லை, தன் மதிலில் ஒன்று வரும்வரை.

கிணற்றுக்கட்டில் ஒரு பெண் வாளியைச் சரித்து நிற்கிறாள். கீழே ஒரு சிறுமி குனிந்து, கைகளை ஏந்திக் குடிக்கிறாள். கொண்டையிலேயே தெரிந்தது, அம்மா. தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து நடந்து வந்தபோது படலையை அகலத் திறந்துவிட்டவர். வளவு முழுக்கக் குருநகர் மீனவச் சனம். மாமரத்தடியில் அடுப்புகள், பின்னேரச் செபமாலை, அதோடு போட்டிக்கு அம்மாவின் பூசை மணி, மழை நாளில் நெருக்கியடித்து ஆடிய கடதாசிச் சீட்டு. அதன்பிறகு அந்த வீடு அப்படி நிறைந்ததே இல்லை.

தினமும் சிலைக்கு ஒரு செவ்வரத்தம்பூ வைத்தார். வெடித்த விளிம்பைப் பூச ஸ்ரெல்லா வந்தபோது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார்.

"எங்கடை குடும்பத்தின்ரை பெருமையை வடிச்சிருக்கிறாய், பிள்ளை."

அவள் பூவைப் பார்த்தாள். "பெருமையோ, ஐயா? உந்தச் சிறுமி நான்தான். நாங்கள் ஏன் கையாலை குடிச்சனாங்கள்? வாளியைத் தொட விடேல்லை. செம்பும் தரேல்லை."

"தாகமெண்டு வந்த எல்லாருக்கும் வார்த்தவ."

"ஓம், வார்த்தவ. கன வீட்டுப் படலை திறக்கவே இல்லை. அதுதான் உங்கடை அம்மாவை இவ்வளவு வடிவாச் செய்தனான்."

"எடுத்துப்போடு உந்தச் சிலையை."

"எடுக்கிறன். நான் சொன்னது பொய்யெண்டு ஒருக்காச் சொல்லுங்கோ, காணும்."

ஏரம்பர் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பது போலிருந்தது.

"எங்கடை வீட்டிலை பொய் சொல்லுறேல்லை" என்றார் கடைசியில்.

ஸ்ரெல்லா விளிம்பைப் பூசி முடித்துவிட்டுப் போனாள். அந்த வழியால் வந்த அயலவர் பஞ்சலிங்கம் சைக்கிளை விட்டு இறங்கிச் சிலையை உற்றுப் பார்த்தார்.

"ஆர் அண்ணை உது?"

"என்ரை அம்மா" என்றார் ஏரம்பர், முதுகு வளையாமல். "ஊருக்கே தண்ணி வார்த்தவ. வாளியை மட்டும் ஒருத்தரிட்டையும் குடுக்கேல்லை."