கள்ளும் வேண்டாம்

நாகலிங்கம் மாமா வாசலோரம் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். சயந்தன் நிலத்தில், சுவரோடு சாய்ந்திருந்தான். அவன் மனைவி ஆரபி குசினிப் படியில் குந்தி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நடுவில், எல்லோர் கைக்கும் எட்டும் தூரத்தில், மாமா கொண்டுவந்த கள்ளுப் போத்தல்.

குடிக்குச் சிகிச்சை முடித்து வந்த சயந்தன் திங்கட்கிழமை மறுபடியும் மாமாவின் படகில் கடலுக்குப் போக இருந்தான்.

“சாராயத்தை விட்டிட்டாய், சந்தோசம்,” என்றார் மாமா. “கரைக்கு வந்தாப்பிறகு வாடிக் கொட்டிலிலை பெடியளோடை கள்ளெண்டாலும் ஒரு வாய் குடிக்கவேணும். இல்லாட்டி உவன் பெரியாளாகிட்டான் எண்டுவாங்கள்.”

“கள்ளும் வேண்டாம் மாமா.”

“உது குடியே? பனையிலை வாறது. உடம்புக்குக் குளிர்ச்சி.”

“போனமுறையும் குளிர்ச்சி எண்டுதான் தொடங்கினனான். கிழமை முடிய முதல் சாராயக் கடையிலை நிண்டன்.” சயந்தன் குரலை உயர்த்தவில்லை. “வலையிலை மீன் கழட்டி முடியுமட்டும் நிப்பன். வாடிக்கு வரமாட்டன். ஆரபி தேத்தண்ணியோடை கரையிலை நிப்பாள். அவளோடை வீட்டை வந்திடுவன்.”

மாமாவுக்குச் சுருக்கென்றது. “பொம்பிளைக் காவலோடையோ தொழிலுக்கு வாறாய்?”

“ஓம் மாமா,” என்றாள் ஆரபி, கத்தியை நிறுத்தாமல். “என்ரை சைக்கிளிலை கரியர் இருக்கு. தலை சுத்தினால் நீங்களும் ஏறலாம்.”

மாமா சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டார். “சரி, பெடியளுக்கு என்னெண்டு சொல்லுறது? நான் சொன்னால் பகிடியாப் போயிடும்.”

“நானே எழுதித் தாறன். வாடியிலை வாசியுங்கோ.”

சயந்தன் எழுதினான்:

‘என்னோடு தொழில் செய்யும் எல்லோருக்கும். நான் வாடிக்கு வராதது உங்களில் கோபத்தால் அல்ல. ஒரு வாய் குடித்தால் என்னால் நிறுத்த முடியாது. எனக்கு ஒருவரும் நீட்ட வேண்டாம். நானே கேட்டாலும் தர வேண்டாம், ஆரபியைக் கூப்பிடுங்கள். படகு தள்ள முதல் ஆளாக நிற்பேன்.’

மாமா வாங்கி வாசித்தார். ‘நானே கேட்டாலும்’ என்ற இடத்தில் விரல் நின்றது.

“உதையும் எழுதவேணுமோ? நக்கலடிப்பாங்களடா.”

“அடிக்கட்டும் மாமா. நக்கலடிக்கிறவன் மறக்கமாட்டான். எனக்கு அதுதான் வேணும்.”

ஆரபி பானையிலிருந்து நாலு பருக்கை சோறு எடுத்துக் கொடுத்தாள். சயந்தன் கடிதத்தை ஓர் உறையில் போட்டு, சோற்றைத் தேய்த்து ஒட்டி, பெருவிரலால் அழுத்தி நீட்டினான். மாமா அதைச் சட்டைப் பையில் வைத்தார். படியிறங்கியவர் திரும்பி வந்து, கள்ளுப் போத்தலையும் எடுத்துக்கொண்டு வாடிப் பக்கம் மோட்டார்சைக்கிளைத் திருப்பினார்.