மூன்றாவது பொட்டலம்

முத்திருளன் காலையில் பூப் பறித்துத் திரும்பியதிலிருந்தே கனகலட்சுமிக்கு மனசு சரியில்லை. முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குப் புருஷன் முழி தெரியாதா? செவ்வரளிச் செடியடியில் ஈரமண்ணை மிதிமிதியென்று மிதித்து வைத்திருந்தார். நந்தியாவட்டைப் பக்கம் ஒரு தடம்கூட இல்லை.

விஷயம் இதுதான். அவருக்கு இருதயத்தில் மூன்று அடைப்பு. ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று மதுரையில் டாக்டர் படத்தைக் காட்டியே சொல்லிவிட்டார். வரப்பில் நாலு எட்டு வைத்தால் உட்கார்ந்துவிடுகிற மனுஷன், "கருப்பசாமிகிட்டப் பூக்கட்டிக் கேட்டுட்டுத்தான் போவேன்" என்று ஒற்றைக்காலில் நின்றார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம்; சாமி முன்னால் ஒன்றை எடுக்கையில் வெள்ளை வந்தால் ஆஸ்பத்திரி, சிவப்பு வந்தால் வீடு. அலங்காநல்லூரை ஒட்டிய அந்தக் கோயிலில் கேட்கிறவர்தான் இரண்டு பொட்டலத்தையும் மடித்துக் கொண்டுபோக வேண்டும்; பூசாரி மேல் பழி வரக்கூடாது என்று வைத்த வழக்கம். கேட்கிறவரே பித்தலாட்டம் பண்ணுவார் என்று அந்தப் புண்ணியவான்களுக்குத் தோன்றவில்லை போலும்.

கனகலட்சுமியும் லேசுப்பட்டவள் அல்ல. அதே பழைய பேப்பரில் அதே மாதிரி நந்தியாவட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் கிளம்பினாள்.

பூசாரி விருமாண்டி அவளுக்கு அண்ணன் முறை. சூடம் காட்டிவிட்டு, "ஆத்தா, நீயே ஒண்ண எடு" என்றார்.

முத்திருளன் எதை எடுத்தாலும் கவலையில்லாதவர் மாதிரி நின்றார். அந்த நிதானத்திலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குனிந்து ஒன்றை எடுத்தாள். முந்தானை மறைவில் கை மாற்றினாள். கருப்பசாமி அரிவாளும் கையுமாக அவளையே பார்ப்பதுபோல் இருந்தது.

விருமாண்டி வாங்கிப் பிரித்தார். வெள்ளை.

"அதெப்பிடி! ரெண்டுலயும் அரளிதான வச்சேன்!"

சொன்ன பிறகுதான் முத்திருளன் வாயைப் பொத்தினார். அதே நேரம் கனகலட்சுமியின் முந்தானையிலிருந்து ஒரு பொட்டலம் நழுவித் தரையில் விழுந்தது. விருமாண்டி அதையும், சாமி முன்னால் கிடந்ததையும் பிரித்தார். இரண்டிலும் சிவப்பு.

"சாமிகிட்டக் கேக்க வந்தீகளா, இல்ல ரெண்டு பேரும் சாமிக்குச் சொல்லிக்குடுக்க வந்தீகளா?" அவர் கோபத்தில் இரைந்தார்.

கனகலட்சுமிக்கு வெட்கமாகப் போய்விட்டது. முத்திருளன் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"பயமா இருக்கு கனகு. நெஞ்சப் பொளப்பாய்ங்கள்ல."

"எனக்கு மட்டும் பயமில்லையா? நீங்க இல்லாட்டி நான் என்னங்க செய்வேன்?" அவள் வாய்விட்டு அழுதாள்.

அந்த அழுகையில் விருமாண்டிக்குக் கோபம் தணிந்தது. "சரி, நானே கட்டுறேன். ஒழுங்கா இன்னொருக்காக் கேப்பமா மாப்ள?"

முத்திருளன் கருப்பசாமியை ஏறிட்டுப் பார்த்தார். கோயிலுக்கு வந்ததிலிருந்து இப்போதுதான் பார்க்கிறார்.

"வேணாம் மச்சான். அந்தப் படத்தப் பாத்த அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரியாத மாதிரி சாமி முன்னாடி வந்து நடிச்சுட்டேன்."

விழுந்து கும்பிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. மனைவி தோளைப் பிடித்து மூச்சு வாங்க எழுந்தார். "துன்னூறு மட்டும் பூசிவிடுங்க. பத்தர பஸ்ஸுக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

பஸ் ஏறும்வரை கனகலட்சுமி அவர் கையை விடவில்லை. மனுஷன் மேல் அவளுக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை.