இன்னொரு தடவை போடுங்க

ஜவுளிக்காரர் ஒரு கடைக்குள் பொருள் வாங்க நுழைந்தால் அந்தக் கடைக்காரருக்கு அன்று மதியச் சாப்பாடு கிடையாது என்று சந்தையில் பேச்சு. பத்தை விரித்துப் பார்க்காமல் ஒன்றை எடுத்தவரில்லை. அப்படிப்பட்டவர் ஒரு பழைய ரெக்கார்டைத் துண்டில் சுற்றி, மார்போடு அணைத்தபடி ஆடியோ கடைக்கு வந்தார்.

கல்யாணமான புதிதில், பொருட்காட்சியில் ஒரு கூண்டுக்குள் இருவரும் நின்று பேசி, பேச்சை அங்கேயே பதிந்து வாங்கிய தட்டு அது. மொத்தமே இரண்டு நிமிடம். மனைவி போய்ச் சேர்ந்து நாற்பது வருஷம் ஆகிறது. அவள் குரல் மிச்சமிருப்பது அதில் மட்டும்தான். அவள் போனபோது மகளுக்கு ஒன்றரை வயது. பீரோவுக்கு அடியில் தட்டு அகப்பட்ட மறுநாளே மகள் தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளும் ஸ்பீக்கரும் வாங்கி வைத்துவிட்டாள்.

"ஃபோனோ ப்ரீஆம்ப்னு ஒரு பெட்டி வேணுமாம்ப்பா. ஊசி எடுக்கற சத்தம் எறும்பு நடக்கற மாதிரி இருக்குமாம், அதத் தூக்கிக் குடுக்கறது அதுதானாம். நல்லதாப் பாத்து வாங்குங்க. அம்மாவ முதல் தடவையே சரியாக் கேக்கணும்."

கடைக்காரர் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "ஐயா, இது கம்பெனி ரெக்கார்டு இல்ல. மேல்பூச்சு ரொம்ப மிருது. ஊசி ஓட ஓடக் குரலையும் சேத்து வழிச்சுக்கிட்டுப் போயிடும். முதல்ல ஒரு காப்பி எடுத்துடலாம். பெட்டியெல்லாம் என்கிட்ட இருக்கற ரெக்கார்டுல கேட்டுப் பாருங்க."

ஜவுளிக்காரர் சிரித்தார். "மாப்பிள்ளை சட்டைக்குத் தையக்காரன் உடம்புலயா அளவெடுக்கறது? நானும் கடை வெச்சிருக்கறவன்தாங்க. 'கை படப்படப் பட்டு மங்கும், சட்டுனு முடிவு பண்ணுங்க'ன்னு அம்பது வருஷமாச் சொல்றேன். காப்பிக்குத் தனிக் காசு, அப்படித்தானே?"

"காசு வேண்டாம் ஐயா."

சும்மா தருகிறேன் என்பவனிடம்தான் பையை இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பது அவர் கற்ற தொழில். "நீங்க போடுங்க" என்றார்.

முதல் பெட்டியிலேயே அவள் வந்துவிட்டாள். பேசுவதற்கு முன் விட்ட சின்னச் சிரிப்பு, வளையல் சத்தம், மூச்சு. ஜவுளிக்காரர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதையே எடுத்துக்கலாமே ஐயா?"

"முதல்ல காட்டற சரக்க எடுக்கறவன் வியாபாரியா? அடுத்தது."

இரண்டாவதில் இரைச்சல் கூடுதல் என்றார். மூன்றாவதில் குரல் மெலிசு. நான்காவதை இன்னொரு தடவை போடச் சொன்னார், ஐந்தாவதை இரண்டு தடவை. ஒப்பிட்டுப் பார்க்க என்று அவரே நம்பினார். மூன்று நாள் வந்தார். போகப் போகப் பெட்டிகள் மட்டமாகிக்கொண்டே வந்தன.

"அந்த முதல் பெட்டியவே குடுங்க" என்றார் மூன்றாம் நாள். கடைக்காரர் போட்டார். கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது. சிரிப்பைக் காணோம்.

"நல்லதக் காட்டிட்டு மட்டத்த மாத்தி வெச்சிருக்கீங்க. என்கிட்டயேவா?"

 கடைக்காரர் தட்டைப் பதமாக எடுத்து வைத்துவிட்டு, அதே பெட்டியில் தன் ரெக்கார்டு ஒன்றைப் போட்டார். வீணைத் தந்தியில் விரல் உரசும் ஓசைகூடத் துல்லியமாகக் கேட்டது.

ஜவுளிக்காரர் தட்டை எடுத்துத் துண்டில் சுற்றினார். பிறகு, "அந்தக் காப்பி..." என்றார்.

"இருக்கறதத்தானே எடுக்க முடியும், ஐயா."

பெட்டியின் விலைக்கு அவர் பேரம் பேசவில்லை. சொன்னதைக் கொடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவை.

வீட்டில் மகள் ஸ்பீக்கர் முன்னால் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவர் ஊசியை இறக்கினார். இரைச்சலுக்கு நடுவே ஒரு இளவட்டத்தின் கனத்த குரல் மட்டும் தேயாமல் நின்றது. "ரெண்டு தட்டா எடுத்தா எவ்வளவு கொறைப்பீங்க? அதெல்லாம் கட்டாது."

"நீங்களாப்பா? அப்பவே பேரமா?" மகள் சிரித்தாள்.

பிறகு வெறும் இரைச்சல்.

"இப்ப அம்மாவா?"

"ஆமா."

"என்ன சொல்றாங்க?"

"'குடுத்துட்டு வாங்குங்களேன், ரெண்டா இருந்தா நல்லதுதானே'ங்கறா."

மகள் நகர்ந்து ஸ்பீக்கர்மேல் காதை வைத்துக்கொண்டாள். "சரியாக் கேக்கலப்பா. இன்னொரு தடவை போடுங்க."

ஊசியைத் தூக்கிப் பிடித்த அவர் கை இறங்கவில்லை.