கொழுப்பு மாத்திரை

மூன்று மாதமாக ஒருநாளும் மாத்திரை தவறவில்லை என்று சுகிர்தா சொன்னதும், டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் பெஞ்சமினைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தாள்.

"கொழுப்பு கொஞ்சங்கூட எறங்கலையேம்மா. நெஜமாவே குடுக்கிறியா?"

சுகிர்தாவுக்கு முகம் சுட்டது. தினமும் தன் கையால் பிரித்துக் கொடுப்பவள் அவள்.

உத்திரமேரூர் மண்டியில் நெல் மூட்டை ஏற்றும்போதுதான் அவள் புருஷனுக்கு வாய் கோணி, வலது கை தொங்கிப்போனது. தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த பிறகே காரணம் தெரிந்தது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின் உள்சுவரில் கொழுப்பு தடித்துக் கிடந்ததாம். அங்கிருந்து பிய்ந்த துணுக்கு மூளையில் போய் அடைத்துவிட்டதாம். ஆபரேஷன் வேண்டாம், ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை, கொழுப்புக்கு ஒன்று, ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது என்றார்கள். கையில் முக்கால்வாசி பலம் திரும்பி, மறுபடி மண்டிக்கும் போக ஆரம்பித்திருந்தான்.

பஸ்ஸில் வரும்போது மருந்துக்கடைக்காரன் மேல் சந்தேகம் வந்தது அவளுக்கு. போலி மாத்திரையோ? ரத்தம் எடுத்தவள் சீசாவை மாற்றிவிட்டாளோ? பக்கத்தில் பெஞ்சமின் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

மறுநாள் அவன் காக்கிச்சட்டையைத் துவைக்க உதறியபோது, பையின் அடியில் விரலுக்கு ஏதோ பிசுபிசுத்தது. வாயில் அதக்கித் துப்பியதுபோல் பாதி கரைந்த மாத்திரை. இன்னொன்றும் தையலில் ஒட்டிக் காய்ந்திருந்தது. இரண்டுமே கொழுப்பு மாத்திரை.

அந்தச் சட்டையோடு போய் அவன்முன் நின்றாள்.

"இன்னாயா இது?"

அவன் குனிந்து கெண்டைக்காலைத் தடவினான்.

"அத்தப் போட்டா கெண்டைக்கால் ரெண்டும் குடையுது. மூட்டையோட லாரிப் பலவ மேல ஏற முடில. மேஸ்திரி பாத்துக்கினே கீறான். வேலைக்கு வோணான்னு சொல்லிட்டான்னா?"

"டாக்டராண்ட சொல்றதுக்கு இன்னா? வேற மாத்தித் தருவாங்க இல்ல?"

"சொன்னா மூட்டையே தூக்காதன்னுவாங்க."

"மறுபடி வாய் கோணினா?"

அவன் எழுந்து போய்விட்டான். அவளுக்குக் கோபத்தைவிட பயம்தான் அதிகமாக இருந்தது. அந்தக் கொழுப்பு இப்போதும் அங்கேதானே இருக்கிறது? இருமினால் பிய்யுமோ, குனிந்தால் பிய்யுமோ?

திங்கட்கிழமை டாக்டரைப் பார்ப்பது என்று முடிவானது. அவன் சரி என்று சொன்னான். சொன்னபோது அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

"அதுவரைக்கும் போடு" என்று மறுநாள் காலையில் மாத்திரையை நீட்டினாள். வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். தொண்டை ஏறி இறங்கியது. சொம்பை வாங்கிக்கொண்டும் அவள் நகரவில்லை. அவனும் நகரவில்லை, உதடுகளை இறுக மூடியபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.