கபரகொய்யாவுக்குப் புண்ணியம் சேராது

பசிந்து செத்துப்போன ஏழாம் நாள் தானத்தன்று, கொட்டகையில் நின்ற அவனுடைய சைக்கிளுக்கு அடியில் ஒரு கபரகொய்யா வந்து படுத்துக்கொண்டது.

உடும்பில் அந்த ஊரில் இரண்டு சாதி. தலகொய்யா சாதுவானது, தோட்டத்தில் திரியும், யாரும் அதன்மேல் கல்லெடுக்க மாட்டார்கள். கபரகொய்யா ஆற்றுப் பிராணி. ஆள் நீளம் வளரும். அழுகிய மீன், கோழிக்குஞ்சு என்று எதையும் விட்டுவைக்காது. இலங்கையின் தெற்கே, இந்த மாத்தறைப் பக்கம், ஒருவனைக் கேவலமாகத் திட்ட வேண்டுமென்றால் அதன் பெயரைச் சொன்னாலே போதும், அடிதடி ஆரம்பித்துவிடும். வந்தது இந்த இரண்டாவது சாதி.

பசிந்துவின் அப்பா விமலதாசவுக்கு அதுதான் தாங்கவில்லை. மகன் திரும்பி வந்துவிட்டான் என்பதில் அவருக்கு ஆட்சேபமே இல்லை. வீட்டுமேல் பற்று அறாமல் செத்தவர்கள் பாம்பாகவோ நாயாகவோ வாசலுக்கு வருவதுண்டு. எதிர்வீட்டுத் தபால்காரர் சாரைப்பாம்பாக வந்து இரண்டு வருடமாகக் கூரையில் இருக்கிறார். ஆனால் தன் பிள்ளை போயும் போயும் கபரகொய்யாவாகவா வரவேண்டும்?

"இது தலகொய்யாதான். கொஞ்சம் வாட்டசாட்டமா வளந்திருக்கு, அவ்வளவுதான்" என்றார்.

"அப்பா, ஆத்துச் சேறு வால்வரைக்கும் ஒட்டியிருக்கு பாருங்க" என்றாள் மகள் இனோகா.

"பசிந்து என்னைக்குக் காலைக் கழுவிட்டு வீட்டுக்குள்ள வந்திருக்கான்?"

இனோகா மறுபடியும் அதன் வாலைப் பார்த்தாள். அவள் மாத்தறையில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். மற்றவர்களின் கண்ணைச் சோதித்துச் சோதித்து, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் நம்பும் பழக்கம் வந்துவிட்டது. அவள் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு கபரகொய்யா. ஆனால் அன்று இன்னொன்றும் தெரிந்தது. செய்தி வந்த நாளிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்த அம்மா சோமலதா எழுந்து வந்தாள். கொட்டகை வாசலில் நின்று அதைப் பார்த்தாள். "வந்துட்டியா? பசிக்குதா?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய் ஒரு வாத்து முட்டை எடுத்துவந்து வைத்தாள். அது அப்படியே விழுங்கியது. அம்மாவும் உள்ளே போய் ஒரு தட்டுச் சோறு போட்டுக்கொண்டு வந்து, அதற்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

பசிந்துவுக்கு முட்டை ஆகாது. வாசனை பட்டாலே ஓங்கரிப்பான். இது அப்பாவுக்குத் தெரியும், இனோகாவுக்குத் தெரியும், ஊட்டிப் பார்த்துத் தோற்ற அம்மாவுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. ஆனாலும் மூன்று பேரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அன்றிலிருந்து மத்தியானம் ஆனால் அது வரும், முட்டை வரும், அம்மா சாப்பிடுவாள். அம்மா சாப்பிடுகிறாள் என்ற ஒரே காரணத்துக்காக இனோகா வாத்து முட்டை வாங்கிவரும் வேலையை ஏற்றுக்கொண்டாள். ஆனால் நாளாக ஆக வேறொரு தொல்லை வந்து சேர்ந்தது. தம்பியைப் பற்றிப் பேச ஆளே இல்லாமல் போயிற்று. குருநாகலிலிருந்து சித்தி போன் செய்வாள்.

"பசிந்து எப்படிடி இருக்கான்?"

"நேத்து முழுக்க வெயில் காஞ்சான் சித்தி. தோல் உரியுது."

"அட பாவமே. தேங்காயெண்ணெய் தடவிப் பாரேன்."

பக்கத்து வீட்டு சீலாவதி வேலிக்கு மேலே தலையை நீட்டி நியாயம் கேட்டாள். "உங்க பசிந்து என் கோழிக்குஞ்சைத் தூக்கிட்டுப் போயிட்டான். உசுரோட இருந்தப்ப எவ்வளவு நல்ல பிள்ளை!"

இனோகாவுக்குப் பேசவேண்டியது வேறு. தெவிநுவரைக் கலங்கரை விளக்கத்தடியில் அவன் சைக்கிளில் ஏறி, நாட்டின் மறுகோடியில் பருத்தித்துறைக் கலங்கரை விளக்கத்தைத் தொட்டுவிட்டுத்தான் இறங்குவேன் என்று கிளம்பியது. தினமும் சாயங்காலம் போனில், எங்கோ ரொட்டியும் சம்பலும் தின்றுவிட்டு, "சோறும் பருப்பும் சாப்பிட்டேன்னு அம்மாகிட்ட சொல்லிடு அக்கா" என்று அவன் சொன்னது. தனியார் பஸ்காரர்களுக்குத் தப்பினான். ஹபரணைக் காட்டுப்பாதையில் யானைக்கும் தப்பினான். கடைசியில் கெக்கிராவைக்கு அந்தப்பக்கம் ஒரு தேநீர்க் கடையில் பெஞ்சில் உட்கார்ந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "அப்பாடா" என்றான். போய்விட்டான். பிறந்ததிலிருந்தே இதயத்தில் கோளாறாம், யாருக்கும் தெரியாதாம். ஊற்றிய தேநீர் ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று கடைக்காரர் சொன்னார். இதையெல்லாம் யாரிடமாவது சொல்லி ஒருமுறை அழவேண்டும். யாரிடம் ஆரம்பித்தாலும் பேச்சு வாலில் போய் முடிந்தது.

மூன்றாம் மாதத் தானம் நெருங்கியது. இறந்தவன் பெயரில் பிக்குகளுக்குச் சோறு போட்டு, அந்தப் புண்ணியத்தை அவனுக்கு அனுப்பிவைக்க வேண்டும். தானத்துக்கு முதல் நாள் அம்மாவின் அண்ணன் பந்துல வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் விகாரையில் பிள்ளைகளுக்குத் தர்மம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். கொட்டகையை எட்டிப் பார்த்தார். அது இவரைப் பார்த்து உஸ்ஸென்று சீறியது.

"பசிந்துவுக்கு உங்களை எப்பவுமே பிடிக்காது" என்றார் விமலதாச, கொஞ்சம் பெருமையாகவே.

பந்துல மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "தங்கச்சி, மனசு நோகணும்னு சொல்லல. பிள்ளை மிருகமாப் பிறந்துட்டான்னா நாளைக்கு நாம குடுக்குற புண்ணியம் அவனுக்குப் போய்ச் சேராது. பசியோட காத்துக்கிட்டிருக்கிற ஆவிக்குத்தான் அது சேரும். மிருகத்துக்கு அதோட தீனி தனி. தர்மத்துல தெளிவா இருக்கு."

"அப்ப இவ்வளவு சமையலும் யாருக்கு மச்சான்?" என்றார் விமலதாச.

"பிக்குச் சாமிமாருக்கு."

"தலகொய்யாவா இருந்தா?"

"எந்தக் கொய்யாவா இருந்தாலும் சேராது."

 அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவல் சத்தம் நின்று, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது. இனோகா கணக்குப் போட்டுப் பார்த்தாள். அவன்தான் இது என்றால் நாளைக்கு அம்மா கொடுப்பது காற்றில் போகிறது. அவன் இல்லை என்றால் எங்கோ பசியோடு காத்திருக்கிறான். இங்கே அம்மா மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். மாமாவின் தலையில் துருவுபலகையால் ஒன்று போடலாமா என்று நினைத்தாள்.

மறுநாள் பிக்குகள் வந்து வெள்ளை விரிப்பில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கறிவகை, தயிர், கருப்பட்டிப் பாகு, எதிலும் குறையில்லை. அப்புறம் மூத்த பிக்கு தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார்: "இறந்த பிள்ளையைப் பத்தி யாராவது ரெண்டு வார்த்தை சொல்லுங்க. எப்படிப்பட்டவர்?"

"அமைதியா இருப்பான் சாமி" என்றாள் சீலாவதி. "கோழிக்குஞ்சைக் கண்டாத்தான் ஒரு மாதிரி."

"மழைக்காலத்துல கொட்டகையை விட்டு நகரவே மாட்டான்" என்றாள் சித்தி.

"நீச்சல்ல கெட்டிக்காரன்" என்றார் விமலதாச.

பசிந்துவுக்கு நீச்சல் தெரியாது. பிக்கு எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். அவர் எத்தனையோ தான வீடுகளைப் பார்த்தவர்.

தண்ணீர் வார்க்கும் நேரம் வந்தது. தட்டில் கிண்ணத்தை வைத்து, பிக்குகள் ஓத ஓத, கிண்ணம் நிரம்பி வழியும்வரை மூக்குவைத்த கெண்டியிலிருந்து ஊற்ற வேண்டும். வழிகிற தண்ணீரோடு புண்ணியமும் போய்ச் சேரும். வீட்டார் எல்லோரும் கெண்டியில் கை வைத்தார்கள். ஓதல் தொடங்கியது. அம்மா கெண்டியைச் சாய்க்கவில்லை. பிக்கு ஒரு வரியை ஓதி, திரும்பவும் அதையே ஓதினார். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். இனோகா அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். 

அந்த நேரம் பார்த்து, கொட்டகையிலிருந்து அது வந்தது. மத்தியானமாகிவிட்டதே. செருப்புகளை மிதித்துக்கொண்டு, கூட்டம் இரண்டாகப் பிரிய, நடுவீட்டில் வந்து நின்று நாக்கை நீட்டியது. சின்னப் பிக்கு ஒருவர் மெல்லக் கால்களை மடக்கிக்கொண்டார்.

அம்மா அதைப் பார்த்தாள்.

"பசிந்துவுக்கு முட்டை ஆகாது" என்றாள்.

சத்தமாகவே சொன்னாள். விமலதாச தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கு மொதல் நாளே தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா? மத்தியானம் ஆனா யாராச்சும் பசின்னு வந்து நிக்கணும்னு இருந்துச்சு. அது வந்துச்சு, போட்டேன்." பந்துல மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். "என் பிள்ளை வழியில சோறு சாப்பிடல அண்ணா. சாப்பிட்டேன்னு அக்காவைப் பொய் சொல்ல வச்சான், அதுவும் எனக்குத் தெரியும். காலிவயித்தோடதான் போனான். இப்ப சேருமில்ல?"

"சேரும் தங்கச்சி" என்றார் மாமா. 

அம்மா கெண்டியைச் சாய்த்தாள். கிண்ணம் நிரம்பி, தட்டு நிரம்பி, விரிப்பும் நனைந்தது. பிக்கு ஓதி முடித்த பிறகும் ஊற்றிக்கொண்டிருந்தாள். கெண்டி காலியானதும் எழுந்துபோய்ப் படுக்கவில்லை. பந்தி போட இலை எங்கே என்று கேட்டாள்.

அது கொட்டகைக்குத் திரும்பிப் போய் இன்னும் முட்டைக்காகக் காத்திருந்தது. யாருக்கும் அதன் நினைவில்லை. இனோகா போய் ஒரு வாத்து முட்டை எடுத்துவந்து சைக்கிளுக்குப் பக்கத்தில் வைத்தாள். மூன்று மாதத்தில் அதனுடன் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை.

"ஏன்டா தம்பி" என்றாள். "யானைக்கெல்லாம் தப்பிச்சு வந்து, டீக்கடைல உக்காந்தா சாவாங்க? அதுவும் ஹெல்மெட்டோட? இன்னும் ரெண்டு மூணு நாள் மிதிச்சிருந்தா பருத்தித்துறை வந்திருக்குமேடா. சோறு சாப்பிட்டான்னு நான் அம்மாகிட்ட சத்தியம் பண்ணேன்டா, எருமை."

அதற்குமேல் முடியவில்லை. சைக்கிள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக, மூன்று மாத அழுகையையும் சேர்த்து அழுதாள். கபரகொய்யா முட்டையை விழுங்கிற்று. அவள் முடிக்கும்வரை இருந்துவிட்டு ஆற்றுப் பக்கம் போயிற்று.