மழையில் மட்டும் திருடுகிறவன்

மின்சாரத் திருட்டைக் கண்டுபிடிக்க வந்த கணினி இதுவரை ஒரு தடவைகூட இன்ஜினியரின் மானத்தை வாங்கியதில்லை. மீட்டர் கணக்கையெல்லாம் படித்துவிட்டு, எந்தத் தெருவில் கரன்ட் காணாமல் போகிறது என்று சொல்லும். போய்ப் பார்த்தால் கம்பியில் கொக்கி தொங்கும். அதனால் கடைசித் தெரு இரும்புக் கம்பத்தருகே மழை நாளில் மட்டும் திருட்டு நடக்கிறது என்று அது சொன்னபோதும் அப்படியே நம்பினார்.

"மழையில நாம எங்க வரப்போறோம்னு அவனுக்குத் தைரியம்" என்றார்.

ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்கும்வரை அந்த லைனில் யாரும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். காவலுக்கு மனைவியின் தம்பியையே அனுப்பினார். தலைகீழாக நின்று வாங்கிக் கொடுத்த தற்காலிக வேலை. ஒரு திருடனைப் பிடித்துவிட்டால் பையன் நிரந்தரமாகிவிடுவான்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கணினிப் பிரிவுப் பெண் ஒரு தாளோடு வந்தாள்.

"சார், போன மழையோட கணக்கு இது. கொக்கியை எடுத்தா இழப்பு அந்த நிமிஷமே நிக்கணும். இது மழை விட்டும் ரெண்டு மணி நேரம் மெல்ல மெல்லக் குறையுது. ஏதோ காயுற மாதிரி."

"திருட்டுன்னு கம்ப்யூட்டர்தானே சொல்லிச்சு?"

"அதுக்கு நாம திருட்டை மட்டும்தானே சார் சொல்லிக் கொடுத்தோம்."

அவர் தாளை வாங்கி இன்னொரு தடவை பார்த்தார். மேலே கம்பியைத் தாங்கும் பீங்கான் விரிசல் விட்டிருந்தால் ஈரத்தில் கரன்ட் கம்பத்தில் இறங்கும். இருபது வருஷம் லைன் வேலை பார்த்தவருக்கு இது தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். கணினி வந்த பிறகு யோசிப்பதைத்தான் விட்டிருந்தார், பாவி மனிதர்.

"லைனை ஆஃப் பண்ணச் சொல்லும்மா, உடனே" என்றபடி போனை எடுத்தார்.

"மச்சான், எங்க இருக்க?"

"கம்பத்துக்கிட்டதான் மாமா. ஒரு பயலையும் காணோம்."

"தள்ளிப் போ. கம்பத்தைத் தொடாத."

"மழைச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல மாமா. இங்க கம்பத்தடியில ஒரு நாய் படுத்திருக்கு. நனைஞ்சும் எழுந்திருக்க மாட்டேங்குது. பாவம், தூக்கி ஓரமா விட்டுட்டு வரேன், இருங்க."

"தொடாதடா" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

அடுத்த மேஜையில் அந்தப் பெண் ரிசீவரை வைத்தாள்.

"ஆஃப் பண்ணிட்டாங்க சார்."

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அது இன்னும் துண்டிக்கப்படவில்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"மச்சான்" என்று கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார்.